மைடாக்ஸில் எல்லாம் தானாக நிரம்பியிருந்தால் பொறுப்பு யாருடையது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். மெல்பர்னில் வேலை பார்க்கிறீர்கள். இந்தியாவிலிருந்து 482 விசாவில் (வேலைக்கான தற்காலிக விசா) வந்த உங்களுக்கு 2024 டிசம்பரில் பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) கிடைத்திருக்கிறது. போன வருடம் வரை தெரிந்த ஒருவர் டாக்ஸ் ரிட்டர்னைப் போட்டுக் கொடுத்தார். 2024-25க்கான ரிட்டர்னை நீங்களே போடலாம் என்று மைடாக்ஸை (ஆஸ்திரேலிய வரி அலுவலகமான ஏடிஓவின் ஆன்லைன் தாக்கல் சேவை) திறந்தால் சம்பளம், பிடித்த வரி, வங்கி வட்டி எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. 'ஏடிஓவே நிரப்பியதுதானே, அப்படியே சப்மிட் அழுத்திவிடலாமா? தப்பு இருந்தால் அது அவர்கள் தப்புதானே?' என்பது கேள்வி. கீழே இருக்கும் பெரிய கேள்வி வேறு: ஏஜென்ட் இல்லாமல் தானே தாக்கல் செய்பவர் எதற்கெல்லாம் பொறுப்பு?

நேரடியான பதில்: தப்பு உங்கள் கணக்கில்தான் ஏறும். ஆஸ்திரேலியாவில் வருமான வரி சுயமதிப்பீட்டு முறையில் நடக்கிறது. நீங்கள் சொல்வதை முதலில் அப்படியே ஏற்றுக்கொண்டு நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட் (வரி மதிப்பீட்டு அறிவிப்பு) அனுப்புவார்கள், சரிபார்ப்பதெல்லாம் பிறகு. அந்த நோட்டீஸ் வந்ததும் 'ஏடிஓ ஓகே சொல்லிவிட்டது' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒப்புதல் அல்ல, நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் போட்ட கணக்கு. எளிமையான வருமானம் உள்ள தனிநபருக்கு, அந்த நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பொதுவாக 2 ஆண்டுகள் வரை அதைத் திறந்து மாற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு. விவகாரம் சிக்கலானதென்றால் 4 ஆண்டுகள். மோசடி அல்லது வேண்டுமென்றே ஏய்த்தது என்றால் காலவரம்பே கிடையாது. கடைசிப் பக்கத்தில் டிக் அடிக்கும் உறுதிமொழி, 'இதில் உள்ளது உண்மை, முழுமை' என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு. முன்கூட்டியே நிரம்பியிருப்பது உங்கள் முதலாளியும் வங்கியும் அனுப்பிய தகவலின் நகல், அவ்வளவுதான்.

ஆகவே சப்மிட் பொத்தானுக்கு முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு. நிரம்பியிருப்பது சரியா என்று பார்ப்பது ஒன்று. நிரம்பாமல் விட்டுப்போனது என்ன என்று பார்ப்பது இன்னொன்று. முதலாவது எளிது. இரண்டாவதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் அதைப் பற்றி அதிகம் எழுதுகிறேன். எண்களெல்லாம் 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரையிலான வருமான ஆண்டுக்கானவை. பிந்தைய ஆண்டுக்கு இதைப் படிப்பவர்கள் தொகைகளை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நிரம்பியிருப்பதிலிருந்து தொடங்குவோம். முதலாளிகள் சம்பள விவரத்தை ஜூலை 14க்குள் இறுதி செய்ய வேண்டும். மைகவ் (அரசின் இணையச் சேவைகளுக்கான பொதுத் தளம்) கணக்கில் உங்கள் இன்கம் ஸ்டேட்மென்ட் 'டாக்ஸ் ரெடி' என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாமல் இருந்தால் காத்திருங்கள். வங்கி வட்டி, டிவிடெண்ட், தனியார் மருத்துவக் காப்பீட்டு விவரம் போன்றவை பெரும்பாலும் ஜூலை கடைசியில்தான் முழுமையாக வந்து சேரும். ஈடிஎஃப், மேனேஜ்டு ஃபண்ட் வைத்திருப்பவர்களுக்கு வருடாந்திர வரி அறிக்கை இன்னும் தாமதமாகவும் வரலாம். ஜூலை முதல் வாரத்தில் ரீஃபண்ட் ஆசையில் அவசரப்பட்டுப் போட்டுவிட்டு, ஆகஸ்டில் விட்டுப்போன வட்டிக்காகத் திருத்தம் போடுவது ஆண்டுதோறும் நடக்கும் கதை. நீங்களே தாக்கல் செய்வதற்குக் கடைசி நாள் அக்டோபர் 31. நேரம் இருக்கிறது.

கூட்டு வங்கிக் கணக்கின் வட்டியைக் கவனியுங்கள். நீங்களும் மனைவியும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கில் 1,200 டாலர் வட்டி வந்திருந்தால், பணம் இருவருடையதும் என்ற நிலையில் ஆளுக்கு 600 காட்ட வேண்டும். எத்தனை பேர் பெயரில் கணக்கு இருக்கிறது என்ற கட்டத்தைப் பார்க்காமல் விட்டால், ஒருவர் முழுத் தொகையையும் காட்டி மற்றவர் ஒன்றுமே காட்டாமல் போவதும் நடக்கிறது. ஷேர் விற்றிருந்தால், விற்றீர்கள் என்ற தகவல் ஏடிஓவிடம் இருக்கும்; எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்லி லாபம் கணக்கிட வேண்டும். டிவிடெண்டைக் கையில் வாங்காமல் மறுபடி ஷேராகவே மாற்றிக்கொண்டாலும் அது வருமானம்தான். கிரிப்டோ விற்பதும், ஒன்றைக் கொடுத்து இன்னொன்றாக மாற்றுவதும் மூலதன ஆதாயக் கணக்குக்குள் வரும். எக்ஸ்சேஞ்சுகளிடமிருந்து ஏடிஓ தகவல் வாங்குகிறது.

இனி நிரம்பாதது. உங்கள் விஷயத்தில் முக்கியமானது இந்திய வருமானம். ஆஸ்திரேலியாவின் வரிக் குடியிருப்பாளர் உலகெங்கும் வரும் வருமானத்தைக் காட்ட வேண்டும் என்பது அடிப்படை விதி. தற்காலிகக் குடியிருப்பாளருக்கு ஒரு விலக்கு உண்டு: வெளிநாட்டு வட்டி, வாடகை, டிவிடெண்ட் போன்ற முதலீட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி இல்லை. 482 விசாவில் இருந்தவரை நீங்கள் அதில் இருந்திருப்பீர்கள், உங்கள் துணை ஆஸ்திரேலியக் குடிமகளாகவோ பிஆர் பெற்றவராகவோ இல்லாத பட்சத்தில். இந்தப் பின்பாதியைப் பலர் கவனிப்பதில்லை. தனக்குத் தற்காலிக விசா இருந்தும், துணைக்கு ஏற்கெனவே பிஆர் இருந்தால் அந்த விலக்கு இல்லாமல் போய்விடும். இங்கே உட்கார்ந்தபடி இந்திய நிறுவனத்துக்கு வேலை செய்து வாங்கிய சம்பளத்துக்கும் இந்த விலக்கு பொருந்தாது.

பிஆர் கிடைத்த நாளோடு விலக்கு முடிகிறது. அந்த நாளிலிருந்து ஊரில் உள்ள ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி, வீட்டு வாடகை, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் உங்கள் ஆஸ்திரேலிய ரிட்டர்னில் வர வேண்டும். என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் சம்பாதித்ததை ஊர் வங்கியில் போடும் கணக்கு) வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் காட்ட வேண்டாம் என்று வாட்ஸாப் குழுக்களில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. இந்தியாவில் விலக்கு என்பது இந்தியச் சட்டம் தரும் விலக்கு. இங்கே அது சாதாரண வட்டி வருமானம், முழுத்தொகைக்கும் வரி உண்டு. அங்கே வரி கட்டாததால் கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. இரண்டு நாடுகளும் வங்கிக் கணக்குத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் உலகளாவிய ஏற்பாட்டில் இருக்கின்றன. உங்கள் மைடாக்ஸ் திரையில் அது நிரம்பி வராது என்பதால் அவர்களுக்குத் தெரியாது என்று எண்ண வேண்டாம்.

என்ஆர்ஓ கணக்கை (வெளிநாட்டில் வாழ்பவரின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் ஒரே வட்டியில் மூன்று தப்பு செய்யலாம். பிஆருக்குப் பிறகு என்ஆர்ஓ டெபாசிட்டில் 1,00,000 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். வங்கி 31.2 சதவீதம், அதாவது 31,200 ரூபாயை டிடிஎஸ்ஸாக (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துக்கொண்டு 68,800ஐ வரவு வைக்கும். முதல் தப்பு, கைக்கு வந்த 68,800ஐக் காட்டுவது. காட்ட வேண்டியது முழு 1,00,000. இரண்டாவது, பிடித்த 31,200ஐயும் வெளிநாட்டு வரிக் கழிவாக (இங்கே கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழிப்பது) கேட்பது. இந்தியா-ஆஸ்திரேலியா இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி வட்டிக்கு இந்தியா வசூலிக்கக்கூடியது 15 சதவீதம்தான். ஆகவே இங்கே கேட்கக்கூடியது அதிகபட்சம் 15,000. மீதி 16,200ஐ இந்தியாவில் ரிட்டர்ன் போட்டு அங்கிருந்துதான் திரும்பப் பெற வேண்டும். வரும் ஆண்டுகளில் வங்கியே 15 சதவீதம் மட்டும் பிடிக்க வேண்டுமானால், ஏடிஓவிடமிருந்து வரிக் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி, 10எஃப் படிவத்தோடு வங்கியில் கொடுத்து வையுங்கள். மூன்றாவது தப்பு, ஆண்டு. இந்திய வங்கி தரும் வட்டிச் சான்றிதழும் 26ஏஎஸ் படிவமும் (பிடித்த வரியின் பட்டியல்) ஏப்ரல் முதல் மார்ச் வரை. உங்களுக்கு வேண்டியது ஜூலை முதல் ஜூன் வரை. சான்றிதழில் உள்ள எண்ணை அப்படியே தூக்கிப் போடாமல், பாஸ்புக் அல்லது ஆன்லைன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, எந்தத் தேதியில் வட்டி வரவானதோ அதைப் பார்த்துக் கூட்டுங்கள். உங்களுக்கு அது பிஆர் கிடைத்த நாள் முதல் ஜூன் 30 வரை. டாலராக மாற்ற ஏடிஓ வெளியிடும் மாற்று விகிதத்தைப் பயன்படுத்துங்கள். எந்த விகிதம் எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

ஊரில் வீடோ மனையோ ஷேரோ இருந்தால் இன்னொரு காரியத்தை இப்போதே செய்யுங்கள். தற்காலிகக் குடியிருப்பாளர் நிலை முடிந்த நாளில் அந்தச் சொத்தை அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாக ஆஸ்திரேலிய வரிச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பின்னாளில் விற்கும்போது லாபம் அந்த விலையிலிருந்துதான் கணக்கிடப்படும். பத்து வருடம் கழித்து '2024 டிசம்பரில் அந்த மனை என்ன விலை போனது' என்று தேடுவது பெரும்பாடு. பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அந்தத் தேதிக்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டத்துக்காக வசூலிக்கும் மெடிகேர் லெவிக்கு வருவோம். அது வரிக்குரிய வருமானத்தில் 2 சதவீதம், 80,000 டாலருக்கு 1,600. மெடிகேர் தகுதி இல்லாத நாட்களுக்கு விலக்குக் கேட்கலாம். இந்தியாவுடன் ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லை, ஆகவே 482இல் இருக்கும் இந்தியருக்குச் சாதாரணமாகத் தகுதி இல்லை. ஆனால் பிஆருக்கு விண்ணப்பித்த கட்டத்திலேயே தகுதி வந்துவிடக்கூடும் என்பதால், பிஆர் தேதியை மட்டும் வைத்து நாட்களை எண்ணாதீர்கள். சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் விண்ணப்பித்து மெடிகேர் என்டைட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை தகுதி இல்லை என்று அதில் தெளிவாக இருக்கும். அந்தக் கடிதம் கையில் இல்லாமல் விலக்குக் கேட்பது ஆதாரமில்லாத கோரிக்கை. இதே பக்கத்தில் வரும் மெடிகேர் லெவி சர்சார்ஜ் வேறு விஷயம். தகுதி வந்த பிறகு, தனிநபர் வருமானம் 97,000 அல்லது குடும்ப வருமானம் 1,94,000 டாலரைத் தாண்டி, முறையான தனியார் மருத்துவமனைக் காப்பீடும் இல்லாவிட்டால் 1 முதல் 1.5 சதவீதம் கூடுதலாக வரும். விசாவுக்காக எடுத்திருந்த வெளிநாட்டவர் காப்பீடு பொதுவாக இதற்குச் செல்லாது. துணையின் வருமானத்தையும் படிவம் கேட்கும். தெரியாது என்று பூஜ்யம் போட்டுவிடாதீர்கள்.

ஆண்டு நடுவில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: வரியில்லா வரம்பான 18,200 டாலர் உங்களுக்கு முழுசாகக் கிடைக்காது. 13,464 டாலரோடு, 4,736ஐ 12ஆல் வகுத்து, குடியிருப்பாளராக இருந்த மாதங்களால் (வந்த மாதமும் சேர்த்து) பெருக்கிக் கூட்ட வேண்டும். அக்டோபரில் வந்தால் 9 மாதம், 17,016 டாலர். வந்த தேதியைச் சரியாகக் கொடுத்தால் மைடாக்ஸே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

அடுத்து கழிவுகள். 'எவ்வளவு கேட்கலாம்' என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் சோதனை மூன்றே கேள்விகளில் முடிகிறது. பணம் உங்கள் கையிலிருந்து போனதா, முதலாளி திருப்பித் தரவில்லையா? அந்தச் செலவு வருமானம் ஈட்டுவதோடு நேரடியாகத் தொடர்புடையதா? ஆதாரம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் கேளுங்கள். பாதி வேலைக்கும் பாதி சொந்த உபயோகத்துக்கும் என்றால் வேலைக்கான பங்கை மட்டும் கேளுங்கள். வீட்டிலிருந்து அலுவலகம் போய்வருவது சொந்தப் பயணம், அதற்குக் கழிவில்லை. வேலைக்குக் கோட்டும் சட்டையும் போடச் சொன்னாலும் சாதாரண உடைக்குக் கழிவில்லை. முதலாளி ஏதாவது படி கொடுத்தார் என்பதற்காக அதே தொகையைக் கழிவாகக் கேட்க முடியாது. உண்மையில் செலவழித்திருக்க வேண்டும்.

300 டாலர் விவகாரத்தில் ஒரு மூடநம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. 'எல்லாருக்கும் 300 டாலர் ஃப்ரீ, ரசீது கேட்க மாட்டார்கள்' என்பார்கள். விதி சொல்வது இதுதான்: வேலை சார்ந்த செலவுகள் மொத்தமாக 300 டாலருக்குள் இருந்தால் எழுத்துபூர்வ ரசீது வைத்திருக்க வேண்டியதில்லை. செலவு நடந்திருக்க வேண்டும். எப்படி அந்தத் தொகை வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். மொத்தம் 301 ஆகிவிட்டால் ஒரு டாலருக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் ஆதாரம் வேண்டும். ஒன்றுமே செலவு செய்யாதவர் 300 போடுவது பொய்த் தகவல்.

வீட்டிலிருந்து வேலை செய்ததற்கு நிலையான விகித முறையில் மணிக்கு 70 சென்ட். வாரம் 2 நாள், நாளுக்கு ஏழரை மணி என்றால் 52 வாரத்தால் பெருக்கி 780 மணி என்று போட்டுவிடுகிறார்கள். விடுமுறையும் சிக் லீவும் போக 46 வாரம்தான் வேலை செய்திருந்தால் சரியான எண்ணிக்கை 690 மணி, கழிவு 483 டாலர். இந்த மணிகளை ஆண்டு முழுவதும் பதிந்திருக்க வேண்டும். டைம்ஷீட், ரோஸ்டர், காலண்டர், டைரி எதுவானாலும் சரி. நான்கு வாரம் மாதிரிக்குக் குறித்துவிட்டு அதை ஆண்டுக்கு நீட்டுவது 2023 மார்ச் முதல் இந்த முறையில் செல்லாது. கூடவே மின்சாரம், இன்டர்நெட் போன்ற ஒவ்வொரு செலவுக்கும் குறைந்தது ஒரு பில் வேண்டும். அந்த 70 சென்ட்டுக்குள் மின்சாரம், எரிவாயு, இன்டர்நெட், வீட்டு ஃபோன், மொபைல், காகிதம், பிரின்டர் மை எல்லாம் அடக்கம். இதைக் கேட்டுவிட்டு மொபைல் பில்லைத் தனியாக இன்னொரு முறை கேட்பது இரட்டைக் கோரிக்கை. மேஜை, நாற்காலி, லேப்டாப்பைத் தனியாகக் கேட்கலாம்: 300 டாலர் வரை என்றால் அந்த ஆண்டே, அதற்கு மேல் என்றால் ஆண்டுகளுக்குப் பிரித்துத் தேய்மானமாக. ஒன்றை நினைவில் வையுங்கள், 483 டாலர் கழிவு என்றால் 483 டாலர் திரும்பி வராது. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு மெடிகேர் லெவியும் சேர்த்து மிச்சமாவது சுமார் 155 டாலர். அந்த 155க்காக இல்லாத மணிகளைக் கூட்டுவது கணக்குப்படியும் லாபமில்லை.

சொந்தக் காரை வேலைக்காக ஓட்டினால் (உதாரணமாக ஒரு வேலையிடத்திலிருந்து இன்னொன்றுக்கு) கிலோமீட்டருக்கு 88 சென்ட், அதிகபட்சம் 5,000 கிலோமீட்டர். இந்த 5,000ஐயும் தானாகக் கிடைக்கும் சலுகையாக நினைக்க வேண்டாம்; எப்படி அந்தத் தூரம் வந்தது என்று காட்ட வேண்டும். அதற்கு மேல் ஓட்டுபவர் 12 வாரம் தொடர்ந்து லாக்புக் எழுதினால் அது 5 ஆண்டுகளுக்குப் பயன்படும், சூழ்நிலை பெரிதாக மாறாதவரை.

நன்கொடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2 டாலரும் அதற்கு மேலும் கொடுத்த தொகையைக் கழிக்கலாம், பெறுபவர் டிஜிஆர் அங்கீகாரம் (கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடைக்கும் தகுதி) பெற்ற அமைப்பாக இருந்தால் மட்டும். ஊரில் உள்ள கோயில் திருப்பணிக்கும், நேரடியாக அனுப்பிய அநாதை இல்லப் பணத்துக்கும் இங்கே கழிவில்லை. இங்குள்ள கோயில் என்றாலும் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று ஏபிஎன் லுக்கப் தளத்தில் பார்த்த பிறகே போடுங்கள். நிதி திரட்டும் விருந்துக்கு வாங்கிய டிக்கெட்டும் குலுக்கல் சீட்டும் நன்கொடையில் சேராது. சூப்பரில் (ஓய்வுக்கால சேமிப்பு நிதி) சொந்தமாகப் பணம் போட்டுக் கழிவு கேட்க நினைப்பவர், ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே ஃபண்டுக்கு அதற்கான அறிவிப்பைக் கொடுத்து, அவர்களிடமிருந்து ஒப்புகை வாங்கியிருக்க வேண்டும். வரிசை மாறினால் கழிவு போய்விடும்.

வார இறுதியில் டெலிவரி ஓட்டினாலோ ஊபர் ஓட்டினாலோ அதுவும் வருமானம். செயலி நிறுவனங்கள் ஓட்டுநர்களின் வரவை ஏடிஓவுக்குத் தெரிவிக்கின்றன. பயணிகளை ஏற்றுபவற்றுக்கு இந்தக் கடமை 2023 ஜூலையிலிருந்தும் மற்றவற்றுக்கு 2024 ஜூலையிலிருந்தும் அமலில் இருக்கிறது. பயணிகளை ஏற்றுபவர் முதல் டாலரிலிருந்தே ஜிஎஸ்டிக்குப் பதிய வேண்டும். உணவு டெலிவரிக்கு அந்தக் கட்டாயம் ஆண்டு விற்றுமுதல் 75,000 டாலரைத் தொடும்போதுதான்.

ஆதாரங்களைத் தாக்கல் செய்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடை ரசீதுகளின் மை சில மாதங்களிலேயே வெளுத்துவிடும், ஆகவே வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். தெளிவான படம் போதும். ஏடிஓ செயலியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. வங்கி ஸ்டேட்மென்ட் மட்டும் பல நேரம் போதாது. எங்கே எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அது சொல்லும், என்ன வாங்கினீர்கள் என்று சொல்லாது.

தப்பு நடந்தால் என்ன ஆகும்? இங்கே பயத்தைக் குறைக்கவே விரும்புகிறேன். நேர்மையாகக் கவனம் எடுத்தும் நேர்ந்த தவறுக்கு, விட்டுப்போன வரியும் அதற்கான வட்டியும் கட்ட வேண்டி வரும். அபராதம் என்பது அலட்சியத்துக்கு. நியாயமான கவனம் எடுக்காதது என்று முடிவானால் குறைந்துபோன வரியில் 25 சதவீதம், பொறுப்பற்ற போக்கு என்றால் 50, தெரிந்தே செய்தது என்றால் 75. நீங்களாகக் கண்டுபிடித்து, அவர்கள் விசாரணைக் கடிதம் அனுப்பும் முன் சொல்லிவிட்டால் அந்த அபராதம் 80 சதவீதம் குறையும். குறைந்துபோன வரி 1,000 டாலருக்குக் கீழ் என்றால் பொதுவாக அபராதமே இல்லை. கடிதம் வந்த பிறகு சொன்னால் குறைவது பொதுவாக 20 சதவீதம்தான். தவறு கண்ணில் பட்டதும் திருத்தம் போடுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. முதல் ரிட்டர்ன் முடிவாகி நோட்டீஸ் வரும்வரை காத்திருந்து, மைடாக்ஸில் அதே ஆண்டின் ரிட்டர்னைத் திறந்து 'அமெண்ட்' கொடுங்கள்.

போன வருடம் தெரிந்தவர் போட்டது பற்றி. அவர் பதிவுபெற்ற டாக்ஸ் ஏஜென்டா என்று டாக்ஸ் பிராக்டீஷனர்ஸ் போர்டின் பொதுப் பதிவேட்டில் தேடுங்கள். பதிவில்லாமல் பணம் வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் போடுவது சட்டவிரோதம். பதிவுபெற்ற ஏஜென்ட் என்றால், எல்லாத் தகவலையும் நீங்கள் சரியாகக் கொடுத்திருந்தும் அவர் கவனக்குறைவால் தவறு நேர்ந்தது என்ற நிலையில், தவறான தகவலுக்கான அபராதத்திலிருந்து உங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கக்கூடும், வரி உங்களுடையதே. நண்பர், அண்ணன், அலுவலகத் தோழர் போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. மைகவ்வில் போன வருட ரிட்டர்னைத் திறந்து ஒவ்வொரு கழிவாகப் பாருங்கள். உங்களால் விளக்க முடியாத எண் ஏதாவது இருந்தால், மேலே சொன்ன 2 ஆண்டு அவகாசத்துக்குள் திருத்திவிடுங்கள். மைகவ் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள், அதில் பதிந்துள்ள வங்கிக் கணக்கு உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். உள்நுழையச் சொல்லி லிங்க்குடன் வரும் எஸ்எம்எஸ் ஏடிஓவிடமிருந்து வருவதல்ல.

இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. உங்கள் சூழ்நிலையை முழுதாகப் பார்க்காமல் எவரும் தீர்ப்புச் சொல்லக்கூடாதவையும் உண்டு. நீண்ட காலம் இந்தியாவில் இருந்துவிட்டு வந்தவர் அந்த ஆண்டில் வரிக் குடியிருப்பாளரா, பெற்றோர் பணத்தில் போட்டு உங்கள் பெயரில் இருக்கும் டெபாசிட்டின் வட்டி யாருடையது, வேலையில் இருந்துகொண்டே படித்த படிப்பு தற்போதைய வேலைக்கானதா வேறு வேலைக்கானதா என்பவையெல்லாம் விவரங்களைப் பொறுத்து இரண்டு பக்கமும் சாயும். பெயர் ஒருவருடையது, பணம் இன்னொருவருடையது என்னும் டெபாசிட்டில் வெறும் வாய்ச்சொல் நிற்காது; பணம் எங்கிருந்து வந்தது, வட்டியை யார் செலவழித்தார்கள் என்பதற்குத் தாள் வேண்டும். இப்படிப்பட்ட கேள்விக்கு ஏடிஓவிடம் கட்டணமின்றி பிரைவேட் ரூலிங் கேட்கலாம். நீங்கள் கொடுத்த விவரங்கள் உண்மையாக இருக்கும்வரை அந்தப் பதில் அவர்களைக் கட்டுப்படுத்தும். இந்திய வாடகையும் சொத்து விற்பனையும் ஒரே ஆண்டில் வந்தால், மைடாக்ஸோடு மல்லுக்கட்டாமல் இரு நாட்டு வரியும் தெரிந்த பதிவுபெற்ற ஏஜென்டிடம் அந்த ஒரு வருடமாவது போவதே என் யோசனை. ஆனால் அக்டோபர் 31க்கு முன்பே அவருடைய வாடிக்கையாளர் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோருக்கு 131 450 என்ற டிஐஎஸ் (அரசின் மொழிபெயர்ப்புச் சேவை) எண் மூலம் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்து ஏடிஓவிடம் பேசலாம்.

கடைசியாக, எல்லாம் போட்டுப் பார்த்தபின் ரீஃபண்டுக்குப் பதில் கட்ட வேண்டிய தொகை வந்தால், பணமில்லை என்று தாக்கலைத் தள்ளிப்போடாதீர்கள். தாமதத்துக்கான அபராதம் ஒவ்வொரு 28 நாளுக்கும் 330 டாலர், அதிகபட்சம் 1,650. கட்ட வேண்டிய தேதி தனி: நேரத்துக்குத் தாக்கல் செய்தவருக்கு நவம்பர் 21. அதற்குப் பிறகு நாள்தோறும் வட்டி ஏறும். 2025 ஜூலை 1 முதல் ஏறும் அந்த வட்டியைக் கழிவாகவும் கேட்க முடியாது. அக்டோபர் 31க்குள் ரிட்டர்னைப் போட்டுவிட்டு, மைகவ் வழியாக ஏடிஓ கணக்குக்குள் போய்த் தவணைத் திட்டம் கேளுங்கள்.